மின்மாற்றியின் எண்ணெயும் லயன் அறையின் விளக்கும்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வேளையில் இலங்கை முழுவதும் மின்சாரத்தை இழந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று ஏற்படுத்திய கோளாறே இதற்குக் காரணம் என விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் அறிவித்தபோது நாட்டு மக்கள் சிரித்தனர். உலக ஊடகங்களும் அச்செய்தியை வேடிக்கையுடன் வெளியிட்டன. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 2016 மார்ச் 13 ஆம் திகதியும் நாடு இவ்வாறே இருளில் மூழ்கியது. பியகம உப மின்நிலையத்தில் மின்மாற்றியொன்று வெடித்ததே அன்றைய செய்தியாக இருந்தது. இத்தகைய நிகழ்வுகள் நேரும்போதெல்லாம் விசாரணைக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன, அறிக்கைகள் கோரப்படுகின்றன, பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுகின்றன.

இவை செய்தியாகும் மின்தடைகள். செய்தியாகாத மின்தடைகளும் இந்நாட்டில் உண்டு. பலாங்கொடையைச் சூழவுள்ள பெட்டியாகலை, ராசகலை, பின்னவலை போன்ற மலைத்தோட்டப் பகுதிகளில் ஏதேனும் ஒரு தோட்டப் பிரிவுக்கு மின்சாரம் வழங்கும் தனியொரு மின்மாற்றி பழுதடைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் மின்பிறப்பாக்கி இருக்குமானால் டீசல் செலவோடு கொழுந்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். லயன் அறைகளுக்கு அந்த வசதி ஏது? சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மெழுகுவர்த்தியை நாட வேண்டும். சுவாச நோய்க்காக மின்னில் இயங்கும் கருவியை நம்பியிருக்கும் முதியவரை நகரத்து வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மாற்று மின்மாற்றி கொண்டுவரப்படும் வரை, அது ஒரு நாளாயினும் மூன்று நாட்களாயினும், காத்திருப்பதைத் தவிர அம்மக்களுக்கு வேறு வழியில்லை.

இந்தப் பழுதுகளுள் கணிசமானவற்றை முன்கூட்டியே அறிய முடியுமா என்பதே இன்றைய கேள்வி. ஒளியியல் உணரிகளையும் இயந்திரக் கற்றல் எனப்படும் கணினி முறையையும் இணைத்து மின்மாற்றி எண்ணெயின் தரத்தை மதிப்பிடும் ஆய்வுகள் உலகின் பல நாடுகளில் முன்னேறி வருகின்றன. நம் நாட்டின் மலைத்தோட்டங்களுக்கு அவற்றால் பயன் உண்டா என்பதை ஆராய்வது பொருத்தமாகும்.

மின்மாற்றியின் இரும்புப் பெட்டிக்குள் செப்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவற்றைக் காகிதம் சுற்றியிருக்கிறது. முழுவதும் கனிய எண்ணெயில் அமிழ்ந்திருக்கிறது. இந்த எண்ணெய்க்கு இரண்டு பணிகள். ஒன்று, மின்சாரம் செல்லக்கூடாத இடத்துக்குப் பாயாமல் தடுப்பது. மற்றையது, சுருளில் உண்டாகும் வெப்பத்தை வெளியே கடத்துவது. வெப்பம், பிராணவாயு, ஈரப்பதன் ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணெயைக் காலப்போக்கில் கெடுக்கின்றன. அதில் அமிலம் உருவாகிறது, பின்னர் சேறு போன்ற கசடு படிகிறது. அந்த அமிலமும் ஈரமும் காகிதத்தை அரிக்கின்றன. சாதாரண மின்காப்புக் காகிதத்தின் வெப்பநிலை ஒவ்வொரு 6 பாகை செல்சியஸ் உயரும்போதும் அது மூப்படையும் வேகம் இருமடங்காகிறது என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் வழிகாட்டி ஏற்றுக்கொண்டுள்ள கணக்காகும். எண்ணெயை மாற்றலாம், வடிக்கலாம். காகிதத்தை அவ்வாறு புதுப்பிக்க இயலாது. காகிதத்தின் ஆயுளே மின்மாற்றியின் ஆயுள் எனலாம்.

சப்ரகமுவ மாகாணத்தின் காலநிலை இந்த எண்ணெய்க்கு நட்பானதன்று. தென்மேல் பருவமழையும், பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடியுடன் கூடிய மழையும் இங்கு ஈரத்தையும் மின்னலையும் ஒருங்கே கொண்டுவருகின்றன. மின்மாற்றி சூடேறும்போது எண்ணெய் விரிந்து காற்று வெளியேறுகிறது. குளிரும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் பல மின்மாற்றிகளில் சிலிக்கா மணிகள் நிரப்பிய ஒரு சிறு குப்பி பொருத்தப்பட்டிருக்கும். நீல நிறமான அம்மணிகள் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகின்றன. அதனைக் கண்டு உரிய காலத்தில் மாற்றுவோர் இல்லையெனில், மலைநாட்டின் பனியும் மழையும் நேராக எண்ணெயில் கலக்கின்றன. ஒரு காலத்தில் அறைக்கொரு மின்குமிழ் எரிந்த லயன்களில் இன்று தொலைக்காட்சியும் சோறு சமைக்கும் மின்கலமும் மின்னழுத்தியும் இயங்குகின்றன. அம்மக்களின் வாழ்வில் ஏற்பட்ட இந்த முன்னேற்றத்துக்கு ஏற்ப மின்மாற்றியின் கொள்ளளவு உயர்த்தப்படாவிட்டால், மேலதிகச் சுமை முழுவதும் வெப்பமாக எண்ணெயின் மீதே இறங்குகிறது.

எண்ணெயின் நிலையை அறியும் முறைகள் புதியவை அல்ல. 2.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரு மின்முனைகளை எண்ணெயில் அமிழ்த்தி, மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, எந்த அளவில் பொறி பாய்கிறது எனப் பார்ப்பது அவற்றுள் ஒன்று. நன்கு சுத்திகரித்த புதிய எண்ணெய் 70 கிலோவோல்ட்டையும் தாங்கும். விநியோக மின்மாற்றியொன்றில் அது 30 கிலோவோல்ட்டுக்குக் கீழே இறங்குமானால் எண்ணெய் மோசமான நிலையில் உள்ளதாகக் கொள்ளப்படும். அமிலத்தின் அளவையும் நீரின் அளவையும் தனித்தனியே கணிக்கலாம். எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களைப் பிரித்தறிவது இன்னும் நுட்பமான முறை. அசற்றிலீன் வாயு காணப்பட்டால் உள்ளே எங்கோ மின்பொறி பறக்கிறது என்பது பொருள். கனடாவின் கியூபெக் மாகாண மின்நிறுவனத்தில் பணியாற்றிய மிஷேல் டுவால் 1970களில் வகுத்த முக்கோண வரைபடம், எந்த வாயு எந்த நோயின் அறிகுறி என்பதை இன்றளவும் பொறியியலாளர்களுக்குக் காட்டி வருகிறது.

இச்சோதனைகளின் குறை அவற்றின் நுட்பத்தில் இல்லை. மாதிரியைப் போத்தலில் எடுத்து, ஈரம் படாமல் பாதுகாத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். பல கோடி ரூபா பெறுமதியான பெரிய மின்மாற்றிக்கு இந்தச் செலவு பொருட்டல்ல. தூணில் ஏற்றப்பட்ட சிறிய விநியோக மின்மாற்றிகளோ பல்லாயிரக்கணக்கில் நாடெங்கும் பரந்துள்ளன. ஆகவே உலகின் பெரும்பாலான மின் நிறுவனங்கள் அவற்றைச் சோதிப்பதில்லை. அவை பழுதடையும் வரை ஓடவிட்டுப் பின்னர் மாற்றுவதே வழக்கம்.

புதிய முறை நுழைய முயல்வது இந்த இடைவெளியில்தான். புதிய எண்ணெய் ஏறத்தாழத் தண்ணீர் போலத் தெளிவானது. பழசாகப் பழசாக மஞ்சளாகி, பின்னர் தேநீர்ச் சாயத்தின் நிறமடைந்து, ஈற்றில் கறுத்துப்போகிறது. கண்ணுக்குத் தெரியும் இந்த மாற்றத்துக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. புற ஊதா ஒளியை மட்டும் பெரிதும் உறிஞ்சிய எண்ணெய், மூப்படையும்போது படிப்படியாகக் கட்புலனாகும் ஒளியையும் உறிஞ்சத் தொடங்குகிறது. அகச்சிவப்புக்கு அண்மித்த ஒளியின் சில அலைநீளங்களை நீர் விசேடமாக உறிஞ்சுகிறது. ஒரு சிறு கண்ணாடிக் கலத்தில் எண்ணெயை ஊற்றி, வெவ்வேறு நிற ஒளிகளை அதனூடாகச் செலுத்தி, மறுபுறத்தில் வெளிவரும் ஒளியை உணரி மூலம் அளந்தால் ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு தனி எண்வரிசை கிடைக்கிறது. கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியாகவும் இதனை அமைக்க முடியும்.

அந்த எண்வரிசையை வாசிப்பது எப்படி? நமது தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கர் என அழைக்கப்படுபவரை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். சாயத்தின் நிறத்தைக் கண்டதும், கொழுந்து அதிகம் புளித்துவிட்டதா, சரியான பதத்தில் உள்ளதா என்று அவர் கூறிவிடுவார். அதற்கான சூத்திரம் எதனையும் அவர் எழுதி வைத்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கோப்பைகளைப் பார்த்தும் சுவைத்தும் பெற்ற பழக்கமே அவரது அறிவு. இயந்திரக் கற்றலும் இதனையொத்ததே. ஏற்கனவே ஆய்வுகூடத்தில் சோதித்து முடிவு தெரிந்த எண்ணெய் மாதிரிகளின் ஒளி அளவீடுகளைக் கணினிக்குக் காட்டினால், எந்த ஒளி அமைப்பு எந்த அமில அளவோடு, எந்த மின்தாங்கு திறனோடு பொருந்துகிறது என்பதை அது கற்றுக்கொள்கிறது. பின்னர் புதிய மாதிரியொன்றைக் கண்டதும் ஆய்வுகூட முடிவு என்னவாக இருக்கும் எனக் கணித்துச் சொல்கிறது.

இதற்கான ஆற்றல் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 2020 இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை பன்மடங்காக உயர்ந்ததும், கலப்படம் பெருகியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மஞ்சள் தூளில் உள்ள கலப்படத்தைப் பல்வேறு அலைநீள ஒளிகளில் எடுத்த படிமங்களைக் கொண்டு கண்டறியும் ஆய்வொன்றைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டில் வெளியிட்டிருந்தனர். தேங்காய் எண்ணெயிலும் அத்தகைய ஆய்வுகள் அங்கு நிகழ்ந்துள்ளன. மின்மாற்றியில் கனிய எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தலாமா என மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் 2001 இலேயே ஆராய்ந்துள்ளனர். ஆகவே ஒளி, எண்ணெய், மின்மாற்றி ஆகிய மூன்றையும் அறிந்த விஞ்ஞானிகள் இந்நாட்டில் உள்ளனர் என்பது வெளிப்படை.

எனினும் புதிய கருவி என்றதும் மயங்கிவிடுவது பொருத்தமன்று. இம்முறையின் வரம்புகளை நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

முதலாவதாக, நிறம் மட்டுமே நோயைக் காட்டுவதில்லை. பார்வைக்குத் தெளிந்த எண்ணெயிலும் ஆபத்தான அளவு நீரோ அசற்றிலீன் வாயுவோ கரைந்திருக்கலாம். ஒளிச் சோதனையை முதல் வடிகட்டலாகவே கொள்ள வேண்டும். சந்தேகத்துக்குரிய மாதிரி ஆய்வுகூடத்துக்குச் சென்றே ஆகவேண்டும்.

இரண்டாவதாக, களிமண் வகைகளினூடாக வடித்துப் புதுப்பிக்கப்பட்ட எண்ணெய் மீண்டும் இளநிறம் பெறுகிறது. ஆனால் உள்ளேயுள்ள காகிதம் அதே பழைய காகிதமே. தலைமயிருக்குச் சாயமிட்டவரின் வயதை நிறத்தைக் கொண்டு கணிப்பது போன்ற தவறு இங்கு நேரக்கூடும். மின்மாற்றியின் வரலாற்றுப் பதிவேடு இல்லாத இடத்தில் கணினியின் கணிப்பு ஏமாற்றத்தையே தரும்.

மூன்றாவதாக, கற்பித்த அளவே கற்றது நிற்கும். டிம்புள்ளைத் தேயிலையை மட்டுமே சுவைத்துப் பழகிய ஒருவர் இரத்தினபுரியின் தாழ்நிலத் தேயிலையை மதிப்பிட்டால் தடுமாறுவார். குளிர்நாட்டு மின்மாற்றிகளின் தரவுகளாலோ, கொழும்பு நகரத்து மின்மாற்றிகளின் தரவுகளாலோ பயிற்றப்பட்ட கணினி, பலாங்கொடையின் ஈரத்தில் பத்தாண்டுகள் நின்ற எண்ணெயைச் சரியாக மதிப்பிடும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்தப் பிரதேசத்தின் மாதிரிகள் கற்பிக்கப்படவில்லையோ அந்தப் பிரதேசத்தின் பழுதுகளை அது காணாது.

இந்த மூன்றாவது வரம்பு தொழில்நுட்பப் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. இது ஒரு சமூகப் பிரச்சினையுமாகும். மாதிரிகள் எங்கிருந்து எடுக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வழமைபோல் இலகுவில் சென்றடையக்கூடிய இடங்களையே தெரிவு செய்வர். வாகனம் செல்லும் பாதை, அருகில் அலுவலகம், தொலைபேசியில் முறைப்பாடு செய்யத் தெரிந்த பாவனையாளர் ஆகியன உள்ள இடங்கள் முன்னுரிமை பெறும். கடைசி லயனுக்கு அப்பால் நிற்கும் மின்மாற்றி வழமைபோல் கடைசியாகிவிடும்.

இதிலே ஒரு வரலாற்று முரணும் உண்டு. வளவை கங்கையை மறித்துக் கட்டப்பட்டு 1992 இல் இயங்கத் தொடங்கிய 120 மெகாவோற் சமனலவெவ நீர்மின் நிலையம் பலாங்கொடைக்கு அயலிலேயே உள்ளது. அங்கு பிறக்கும் மின்சாரம் 132 கிலோவோல்ட் பாதைகள் வழியாகப் பலாங்கொடை உப மின்நிலையத்தை அடைந்து தேசிய மின்வலைப்பின்னலில் கலக்கிறது. தமது மலைகளுக்கு மேலாகச் செல்லும் உயரழுத்தக் கம்பிகளைப் பார்த்தவாறு இருளில் அமர்ந்திருக்கும் நிலை எந்த மக்களுக்கும் ஏற்படக்கூடாது.

சிறிய மின்மாற்றியைச் சோதிப்பது செலவுக்கு ஏற்ற பயன் தராது என்று மின்துறையினர் வாதிடக்கூடும். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. மின் வழங்குநரின் கணக்கேட்டை மட்டும் பார்த்தால் அது சரியாகவும் தோன்றும். ஆனால் இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

மின் வழங்கலின் நம்பகத்தன்மையை அளக்க உலகெங்கும் ஒரு குறியீடு பயன்படுகிறது. ஒரு பாவனையாளர் ஓராண்டில் சராசரியாக எத்தனை மணித்தியாலம் மின்சாரமின்றி இருந்தார் என்பதே அது. நூறு குடும்பங்களுக்கு மின்சாரம் வழங்கும் ஒரு மின்மாற்றி பழுதாகி மூன்று நாட்கள் இருள் நிலவியதாகக் கொள்வோம். மொத்தம் 7,200 குடும்ப மணித்தியாலங்கள். இதனை நாட்டின் ஏறத்தாழ 70 இலட்சம் பாவனையாளர்களிடையே பங்கிட்டால் கிடைப்பது நான்கு செக்கனுக்கும் குறைவு. நூறு குடும்பங்களின் மூன்று இரவுகள் தேசியச் சராசரியில் ஒரு கண்ணிமைப்பாக மறைந்துவிடுகின்றன. கெட்டுப்போன உணவும், நின்றுபோன படிப்பும், நகரத்துக் கடைத்தெருவில் குளிர்பெட்டியை நம்பித் தொழில் செய்யும் சிறு வியாபாரியின் நட்டமும், நோன்பு காலத்தில் ஸஹர் வேளையில் இருளில் அடுப்பு மூட்டும் தாயின் சிரமமும் எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. இந்நிலையில், பழுதடையும் வரை ஓடவிடுவது வழங்குநருக்கு மலிவாகவே தோன்றும். ஏனெனில் அந்த மலிவுக்கான விலையைச் செலுத்துபவர் வேறொருவர்.

இதனைச் சிந்திப்பதற்கு இதுவே உரிய தருணம். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும், 2025 இல் அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளுக்குப் பிரித்தளிக்க வழி செய்துள்ளன. கம்பனி என்ற அமைப்பு வரவு செலவை நோக்குவது இயல்பே. ஆகவே சராசரிக்குள் மறையும் இருளைக் கணக்கில் கொண்டுவரும் பொறுப்பு, ஒழுங்குபடுத்தும் அமைப்பான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவையே சாரும்.

அதற்கு மூன்று விடயங்கள் அவசியம் எனலாம்.

ஒன்று, ஒளிச் சோதனைக்கான மாதிரிகள் சேகரிக்கப்படும்போது பெருந்தோட்டப் பிரதேசங்களுக்கு உரிய பங்கு ஒதுக்கப்பட வேண்டும். பெலிஹுல்ஓயாவில் அமைந்துள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம் பலாங்கொடைக்கு மிக அண்மையில் உள்ளது. அதன் கணினி, விஞ்ஞானத் துறைகளையும் பேராதனை, மொறட்டுவைப் பொறியியலாளர்களையும் மின் வழங்குநரையும் இணைத்து, பலாங்கொடையில் ஒரு முன்னோடித் திட்டத்தை ஆரம்பிக்கலாம். தோட்டத்தில் பிறந்து அப்பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர் ஒருவர் தம் ஊரின் மின்மாற்றியை ஆய்வு செய்யும் நாள் வருமானால் அது வரவேற்கத்தக்கதாகும்.

இரண்டு, சோதனையின் முடிவு ஒரு கடமையை உருவாக்க வேண்டும். எண்ணெய் மோசமான நிலையில் உள்ளது எனக் கண்டறியப்பட்டால் எத்தனை நாட்களுக்குள் அது வடிக்கப்படவோ மாற்றப்படவோ வேண்டும் என்பது விதியாக வகுக்கப்பட வேண்டும். எச்சரிக்கை கிடைத்தும் செயற்படாதிருப்பது, எச்சரிக்கையே கிடைக்காதிருப்பதை விட மோசமானது. தோட்டப் பிரிவுகள் தோறும் மின்தடை நேரத்தைத் தனியே கணக்கிட்டு வெளியிடுவதும் இதனுடன் இணைய வேண்டும்.

மூன்று, எண்ணெய் எடுக்கச் செல்லும் அந்த ஒரே பயணத்தில் நச்சு இரசாயனச் சோதனையும் நடைபெற வேண்டும். பழைய மின்மாற்றிகள் சிலவற்றின் எண்ணெயில் பொலிகுளோரினேற்றிய பைபீனைல் என்ற நீடித்து நிலைக்கும் நச்சுப்பொருள் கலந்துள்ளது. இலங்கை 2005 இல் ஏற்றுக்கொண்ட ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, அத்தகைய சாதனங்களின் பாவனையை 2025 க்குள் நிறுத்துவதையும், கழிவுகளை 2028 க்குள் பாதுகாப்பாக அகற்றுவதையும் இலக்காக விதித்தது. இந்த நச்சைச் சாதாரண ஒளிச் சோதனை காட்டாது. அதற்கென எளிய சோதனைப் பொதிகள் உள்ளன. கழிவு எண்ணெய் காய்ச்சி ஒட்டும் பட்டறைகளுக்கோ, தோட்டத்து ஓடைகளுக்கோ செல்லாமல் தடுப்பதும் மின்மாற்றிப் பராமரிப்பின் ஓர் அங்கமே.

தொழில்நுட்பம் தானாக நீதி வழங்குவதில்லை. மலிவான ஒளி உணரியும் கற்கும் கணினியும், இதுவரை எந்த ஆய்வுகூடமும் எட்டிப்பாராத மின்மாற்றியை எட்டிப்பார்க்கும் வாய்ப்பைத் தந்துள்ளன. அந்த வாய்ப்பு கொழும்பின் பெரிய உப மின்நிலையங்களோடு நின்றுவிடுமா, பலாங்கொடையின் கடைசி லயன் வரை செல்லுமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்களே. சிலிக்கா மணிகள் இளஞ்சிவப்பாகியுள்ளதைக் காண்பதற்குக் கணினி தேவையில்லை. அதைக் காண ஒருவர் அங்கு செல்ல வேண்டும், கண்டதைப் பதிவு செய்ய வேண்டும், பதிவானதைக் கண்டு ஒருவர் செயற்பட வேண்டும். இவை மூன்றும் உறுதிப்படுத்தப்பட்டால் மட்டுமே புதிய கருவிக்குச் செலவிடும் பணம் பயன்தரும். நாட்டுக்கு ஒளி வழங்கும் மலைகளில் வாழும் மக்களின் விளக்கு அணையாதிருக்க, சம்பந்தப்பட்டவர்கள் இந்த ஒழுங்கை முதலில் ஏற்படுத்த வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.